உப்பு நீரில் விளையும் நெல்லுக்கு ஆள் வேண்டும்

காயலைத் தூர்வாரிய மண்ணால் உருவானது வில்லிங்டன் தீவு. அதன் வடக்கே, கடமக்குடியில், உப்பு நிலத்திலேயே நெல் விளைகிறது. அதுதான் 2008-ல் புவிசார் குறியீடு பெற்ற பொக்காளி.

ஜூன் மழை உப்பைக் கழுவியதும் மண்மேடு கட்டி விதைக்கிறார்கள். உரமில்லை, பூச்சி மருந்துமில்லை. அக்டோபர் வாக்கில் கதிரை மட்டும் அறுக்கிறார்கள். நீரில் அழுகும் தாள், நவம்பரில் விடும் இறாலுக்கு இரை. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எரு.

சிக்கல் அறுவடையில்தான். ஆழச் சேற்றில் சாதாரண இயந்திரம் புதைந்துவிடும். கூலிக்கும் ஆள் கிடைப்பதில்லை. தாமதித்தால் கதிர் நீரில் சாயும். இறாலே போதுமென்று நெல்லைக் கைவிட்டோரும் உண்டு. சில வயல்களில் மாணவர்களும் தொண்டர்களும் அறுவடைக்குக் கைகொடுத்திருக்கிறார்கள்.

தஞ்சையிலும் நெல்லையிலும் அரிவாள் பிடித்த கைகள் இங்கே கோப்பு புரட்டுகின்றன, மூட்டை தூக்குகின்றன. ஒரு ஞாயிறு அவை சேற்றில் இறங்கினால், ஒரு குடும்பத்தின் நெல் வீடு வந்து சேரும்.