வெல்லப்பாகும் ஈ மனிதனும்

வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்குத் தெரியும். அடுப்பில் ஏற்றி வெகுநேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். வெல்லம் கரையும், நுரை கட்டும், அவ்வளவுதான். பிறகு கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று ஓட்டம் பிடிக்கும். கொஞ்சம் அசந்தால் அதிரசப் பாகு கடலை மிட்டாய்க்கு ஆகிப்போகும். திகில் படத்தில் ஒருவன் உடல் மாறுவதும் இப்படித்தான் நடக்க வேண்டும்.

டேவிட் குரோனன்பெர்க்கின் ‘தி ஃப்ளை’ (1986) படத்தையே எடுத்துக்கொள்வோம். பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் இயந்திரத்தைச் செய்த சேத் பிரண்டில், தானே அதற்குள் ஏறுகிறான். கூடவே ஓர் ஈயும் போய்விடுகிறது. 1958-இல் வந்த மூலப் படத்தில் விஞ்ஞானி ஒரே அடியாக ஈத்தலையோடு வெளியே வந்து, அதைத் துணியால் மூடிக்கொண்டு திரிவான். துணி எப்போது விலகும் என்பதுதான் அங்கே பதற்றம். குரோனன்பெர்க் தீயைத் தணித்துவிட்டார்.

முதலில் பிரண்டிலுக்கு எல்லாம் நல்லதாகவே நடக்கிறது. உடம்பில் புது வலு, ஓயாத உற்சாகம். காப்பியில் கரண்டி கரண்டியாகச் சர்க்கரை கொட்டுகிறான். முதுகில் சில முரட்டு முடிகள். அவன் மகிழ்ச்சியாக இருக்கிறான், நமக்குத்தான் நெருடுகிறது. இந்தக் கட்டத்தை அவசரப்பட்டுக் கடக்கவே கூடாது.

பதம் பார்க்க ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவோம். திரைக்கதையில் அந்தக் கிண்ணத்துத் தண்ணீர், அன்றாட வேலைகள். குளியலறைக் கண்ணாடி முன் நிற்கிறான், நகம் கழன்று வருகிறது. படத்தின் ஆகக் கொடூரமான நொடி எனக்கு இதுதான். அந்த வலி எப்படியிருக்கும் என்று நம் விரலுக்கே தெரியும்.

அதன்பின் கதை சில வாரங்களை ஒரே தாண்டாகத் தாண்டுகிறது. அவன் காதலி வெரோனிகா திரும்ப வரும்போது அவன் ஊன்றுகோலோடு நிற்கிறான். சற்று நேரத்தில் காதும் கழன்றுவிடுகிறது. காட்டாத வாரங்களை நாமே நிரப்பிக்கொள்கிறோம். கழன்ற உறுப்புகளை அவன் மருந்து அலமாரியில் சேர்த்துவைக்கிறான். பாகு திரும்ப வெல்லக்கட்டி ஆகாது என்பது அவனுக்கும் புரிந்துவிட்டது. கடைசியில் தாடை பிய்ந்து, தோல் உரிந்து ஈ மனிதன் வெளிப்படுவது மளமளவென்று நடந்து முடிகிறது.

ஒப்பனைக்காக கிறிஸ் வாலஸும் ஸ்டீபன் டுபுய்யும் ஆஸ்கர் வாங்கினார்கள். தகுதியான பரிசுதான். ஆனால் அந்த ஒப்பனைக்கு உயிர் கொடுத்தது, எழுத்திலேயே இருந்த நிதானம்.

திகில் கதை எழுதுகிறவர்களே, அரக்கனை வடிக்கும் முன் உங்கள் பாத்திரம் காலையில் எப்படிப் பல் தேய்ப்பான், எப்படிச் சாப்பிடுவான் என்பதை எழுதிவையுங்கள். மாற்றத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.