குதிரைகளின் தோழமையை அளப்பது எப்படி?

சென்ற ஆண்டு வேளாங்கண்ணித் திருத்தலத்திற்குச் சுற்றுலா சென்ற எங்கள் வகுப்பினர், மறுநாள் கோடியக்கரைச் சரணாலயத்தையும் கண்டோம். 1967-ஆம் ஆண்டு வெளிமான்களின் பாதுகாப்புக்காக ஏற்படுத்தப்பட்ட இடம் அது. மான்களைக் காணச் சென்ற எங்கள் கண்ணில் முதலில் பட்டவை குதிரைகளே! கடிவாளம் இல்லை, லாடம் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. முற்காலத்தில் மனிதர் வளர்த்துக் கைவிட்ட மட்டக்குதிரைகளின் வழிவந்தவையாம். அந்தியூர்க் குதிரைச் சந்தையில் கயிற்றில் கட்டியவற்றையே பார்த்திருந்த எங்களுக்கு இது பெரும் புதுமை.

இரண்டு குதிரைகள் எதிரும் புதிருமாக நின்று ஒன்றன் பிடரியை மற்றொன்று பல்லால் சொறிந்துகொண்டிருந்தன. "இவை சிநேகிதிகள்" என்றாள் எங்களில் ஒருத்தி. "எப்படித் தெரியும்?" என்று கேட்டார் எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர். பதில் தேடிப் பல நாட்கள் படித்ததையே இங்கு எழுதுகிறோம்.

முதல் வேலை ஒவ்வொரு குதிரையையும் அடையாளம் காண்பது. நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை, காதில் கிழிசல் இவற்றை வைத்துப் பெயரோ எண்ணோ இடுவார்கள். பின்பு குறித்த நேரத்திற்கு ஒருமுறை, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வோமே, ஒவ்வொன்றுக்கும் மிக அருகில் நிற்பது எது என்று எழுத வேண்டும். இஷ்டம்போல் பார்த்தால் சண்டையிடும் குதிரையே கண்ணைப் பறிக்கும். சும்மா நிற்பது கணக்கில் வராது. இந்தத் தவற்றை 1974-இல் ஜீன் ஆல்ட்மன் என்ற அம்மையார் விளக்கி, விலங்குகளைப் பார்த்து எழுதும் முறைகளை ஒழுங்குபடுத்தினார்.

ஆனால் அருகில் நிற்பதெல்லாம் நட்பாகிவிடுமா? எங்களில் ஒருத்தியின் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நிற்கிறார். பக்கத்தில் நிற்பவரைத் தேர்ந்தெடுப்பவர் சூப்பர்வைசர், அம்மா அல்ல! குதிரைகளும் ஒரே நிழலுக்காகவோ ஒரே புல்லுக்காகவோ கூடி நிற்கலாம். ஆகவே இடம் மாறியபோதும் அதே ஜோடி சேர்கிறதா, யார் யாரைச் சொறிந்துவிடுகிறார்கள், ஒன்று நகர்ந்தால் மற்றொன்று பின்தொடர்கிறதா என்பவற்றையும் குறிக்கிறார்கள்.

அந்தச் சொறிதல் வெறும் அரிப்புக்காக மட்டுமன்று. பிரான்சு நாட்டின் கமார்க் குதிரைகளிடம் நடந்து 1993-இல் வெளியான ஆய்வில், அவை விரும்பும் அந்தப் பிடரியடியில் சொறிந்துவிட்டபோது இதயத் துடிப்பு குறைந்தது. வேறிடத்தில் சொறிந்தபோது குறையவில்லை. நியூசிலாந்தின் கைமனாவா மலைக் குதிரைகளைப் பற்றிய 2009-ஆம் ஆண்டு ஆய்வு இதனினும் வியப்பானது. இரத்த உறவில்லாத பெட்டைகளிடையே நெருக்கம் மிகுந்தால், ஆண் குதிரைகளின் தொல்லை அவற்றுக்குக் குறைகிறதாம்; அவற்றின் குட்டிகளும் அதிகமாகப் பிழைக்கின்றனவாம்.

கோடியக்கரையில் இது வெறும் ஏட்டுப் படிப்பல்ல. மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட கட்டுரை, குதிரைகளும் வெளிமான்களும் ஒரே இடத்தில் ஒரே புல்லுக்குப் போட்டியிடுவதைக் காட்டுகிறது. குதிரைகளை வேறிடம் கொண்டுபோக வேண்டும் என்போர் உண்டு. மான்களுக்காக அது தேவை என்றே எங்களில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். ஆயினும் பிடிக்கும்போது எதை எதனுடன் லாரியில் ஏற்றுவது? யாராவது நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து எழுதியிருந்தால்தானே தெரியும்!

ஊர் திரும்பியதும் நாங்களே ஒரு சோதனை செய்தோம். மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில், ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை யாரருகில் யார் என்று நான்கு நாட்கள் எழுதினோம். அரட்டைக் கூட்டங்கள் நாங்கள் நினைத்தபடியே இருந்தன. ஆனால் ஆண்டின் நடுவில் ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்த ஒருத்தியின் பெயருக்கு எதிரே "யாருமில்லை" என்றே வந்துகொண்டிருந்தது. அத்தனை நாட்களாக இதைக் கவனிக்காமல் இருந்தோமே என்று வெட்கமாகிவிட்டது. ஐந்தாம் நாள் சாப்பாட்டுத் தூக்குடன் அவளருகில் போய் உட்கார்ந்தோம். அவள் புன்னகைத்தாள்; ஆனால் பார்வை முழுவதும் வேலிக்கு அப்பால்தான். அங்கே ஆரம்பப் பள்ளி வாசற்படியில் அவளுடைய தங்கை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, இவளைப் பார்த்துப் பார்த்துச் சோறு உண்டுகொண்டிருந்தாள்.

வேலிக்கு அந்தப்பக்கத்தை நாங்கள் எங்கள் நோட்டில் சேர்த்திருக்கவில்லை.