பைலட் கொடி பிடிக்கலாமா பாஸ்?

ஆரம்பாக்கத்துல ரயில் ஏறி காலேஜ் போறவங்களா நீங்க? அப்போ கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில ஸ்டிரைக்னா, 'எதுக்கு?'னு கேட்கவே மாட்டீங்க. பக்கத்து வீட்டு அண்ணன் என்ன சம்பளம் வாங்குறார்னு உங்களுக்கே தெரியும். ஆனா பைலட் ஸ்டிரைக்னா மட்டும், 'லட்சத்துல வாங்குறவருக்கு என்னப்பா குறை?'னு கேண்டீன்ல ஒரு நக்கல்!

அந்த லட்சத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போமா? கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கேட்டு மனு போடவே 200 மணி நேரம் பறந்திருக்கணும். அப்புறம் ஏர்பஸ், போயிங்னு ஓட்டப்போற விமானத்துக்குத் தனிப் பயிற்சி. மொத்தத்துல அரைக் கோடி ரூபாய்க்கு மேல காலி. அப்பா பெயர்ல கடன் வாங்கிப் படிச்சவங்க நிறைய. அதோட, சம்பளத்துல பெரும்பகுதி பறக்குற மணிக்கணக்குல வருது. விமானம் தரையில நின்னா பர்ஸும் தரை தட்டும்.

2011-ல வெடிச்ச பிரச்னையில இதுவும் உண்டு. 2007-ல இந்தியன் ஏர்லைன்ஸை ஏர் இந்தியாவோட இணைச்சாங்க. போர்டு ஒண்ணாச்சு, சம்பளம் ஒண்ணாகலை. நாலு வருஷம் பொறுத்த பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் 2011 ஏப்ரல் 27 அன்று ஸ்டிரைக்ல இறங்கினாங்க. சங்கத்தின் அங்கீகாரம் ரத்து, சிலருக்கு டிஸ்மிஸ், 'வேலைக்குத் திரும்புங்க'னு டெல்லி உயர் நீதிமன்றம். பத்து நாள் அசையலை. மே 6-ல முடிஞ்சப்போ டிஸ்மிஸும் வாபஸ், அங்கீகாரமும் திரும்ப வந்துச்சு. (2003-ல இங்கே ஸ்டிரைக் செய்த அரசு ஊழியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல டிஸ்மிஸ் ஆனதை உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. கதை கதையா சொல்வாங்க.)

பயணிகள் பாடு திண்டாட்டம்தான், மறுக்கலை. ஆனா சொல்லிட்டு செய்ற ஸ்டிரைக்கைவிட மோசமானது, சொல்லாம எல்லாருக்கும் ஒரே நாள்ல 'காய்ச்சல்' வர்றது. 2009 செப்டம்பர்ல ஜெட் ஏர்வேஸ் பைலட்டுகள் அதைத்தான் செஞ்சாங்க. அங்கே சண்டை சம்பளத்துக்கு இல்லை, சங்கம் ஆரம்பிச்ச சக பைலட்டுகளை வேலையைவிட்டுத் தூக்கினதுக்கு. சங்கமே கூடாதுன்னா லீவு லெட்டர்தானே மிச்சம்?

'குறைஞ்ச சம்பளம் அவங்க தலைவலி, நமக்கென்ன?'னு நினைச்சா, 2009 பிப்ரவரி 12-ஐப் படிச்சுப் பாருங்க. அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் பலி. சொற்ப சம்பளம் வாங்கிய 24 வயது கோ-பைலட், வேலை பார்த்த ஊர்ல வீடு எடுக்காம, நாட்டின் மறு கோடியில பெற்றோரோட இருந்தவர். ராத்திரி முழுக்கப் பயணம் செஞ்சு டியூட்டிக்கு வந்திருந்தார். கேப்டனின் தவறான செயல்பாடுதான் காரணம்னு விசாரணை சொன்னாலும், ரெண்டு பேரோட களைப்பையும் அது பதிவு செஞ்சது.

என் ஓட்டு: ஸ்டிரைக் உரிமை வேணும், முன்கூட்டியே நோட்டீஸும் வேணும். 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 14 நாள் நோட்டீஸை எல்லாத் தொழில் நிறுவனத்துக்கும் கட்டாயமாக்கிடுச்சு. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாள்ல சி.எல். போட்டா, அதுவும் ஸ்டிரைக்காம். சிப்காட் அண்ணனுக்கும் இதே சட்டம்தான். ஆனா பைலட் நின்னா டெல்லி வரைக்கும் டி.வி.யில ஃபிளாஷ் நியூஸ். அண்ணன் நின்னா, மறுநாள் காலையில அவர் மெஷின்ல வேற கான்ட்ராக்ட் ஆள்.