மோனிக்கா என்னும் பாட்டியார்

ஆகஸ்டு 27ஆம் நாள் புனித மோனிக்காவின் திருநாள். வழிதவறிய மகனுக்காக அவர் வடித்த கண்ணீரைப் பற்றியே அன்று நம் கோவில்களில் பிரசங்கம் நிகழும். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே பிரசங்கித்தவன்தான். ஆயினும் அவர் ஒரு பாட்டியுமாவார் என்பதை நம்மில் எத்தனைபேர் நினைவுகூர்கிறோம்?

பேரனின் பெயர் அதேயோதாத்துஸ். 'இறைவனால் அளிக்கப்பட்டவன்' என்பது பொருள். அகுஸ்தினார் கார்த்தேஜ் நகரில் மாணவராயிருந்தபோது, மணம் புரியாது தம்மோடு வாழ்ந்த பெண்ணிடம் பெற்ற பிள்ளை.

இங்கே அன்னையின் வாழ்வில் ஒரு நிழலும் விழுகின்றது. அதனை மறைப்பது முறையன்று. மிலான் நகரில் மகனுக்குத் தக்க இடத்தில் மணம் பேசப் பெரிதும் முயன்றவர் மோனிக்காவே. அதன்பொருட்டு அப்பெண் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டாள். வேறோர் ஆடவனை நாடுவதில்லையென இறைவனுக்கு வாக்களித்து, மகனை விட்டுச் சென்றாள். பேசிய திருமணமோ நடைபெறவேயில்லை. நல்லெண்ணத்தால் செய்ததேயாயினும், சிறுவன் தாயைப் பிரிந்தான். அவனருகே எஞ்சியிருந்தவர் பாட்டி.

386ஆம் ஆண்டு, மனந்திரும்பிய அகுஸ்தினார் உற்றாருடனும் மாணவருடனும் காசிசியாக்கும் என்னுமிடத்தில், நண்பர் ஒருவரின் பண்ணை வீட்டில் தங்கினார். நவம்பர் 13 அவரது பிறந்தநாள். உணவுக்குப்பின், பேரின்ப வாழ்வு எதுவென்று உரையாடல் எழுந்தது. இறைவனைத் தன்னிடம் கொண்டிருப்பவன் யார் என வினவினார் அகுஸ்தினார். நன்கு வாழ்பவன் என்றான் ஒரு மாணவன். இறைவன் விரும்புவதைச் செய்பவன் என்றான் மற்றொருவன். எல்லாரிலும் இளையவனான அதேயோதாத்துஸ், அசுத்த ஆவி இல்லாதவனே என்றான். மோனிக்கா எல்லா விடைகளையும் ஏற்றார். ஆனால் பேரனின் விடையையே மிகவும் மெச்சினாராம். எழுதி வைத்தவர் அகுஸ்தினாரே. பாட்டிமார் எந்நாட்டிலும் ஓரினந்தான்!

387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் தந்தையும் மகனும் ஒருங்கே, ஆயர் புனித அம்புரோசியாரிடம் திருமுழுக்குப் பெற்றனர். அவ்வாண்டே தாயகம் திரும்பும் வழியில், ரோமுக்கு அருகிலுள்ள ஓஸ்தியா துறைமுகத்தில் மோனிக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. கணவரின் கல்லறையருகே அடக்கமாக வேண்டுமென்று நெடுநாள் விரும்பியவர் அவர். இறுதியிலோ, உடலை எங்கேனும் புதைக்கலாம், ஆண்டவருடைய பீடத்தில் தம்மை நினைத்தால் போதும் என்றார். ஒன்பதாம் நாள், 56ஆம் வயதில் உயிர் நீத்தார்.

அகுஸ்தினார் அழவில்லை. விசுவாசத்தோடு மரித்தவருக்காகப் புலம்புதல் தகாது என்றெண்ணிக் கண்ணீரை அடக்கினார். வாய்விட்டு அலறியவன் அதேயோதாத்துஸே. சூழ நின்றோர் அவனை அமைதிப்படுத்தினர்; ஒருவர் திருப்பாடல் நூலை எடுத்துப் பாடத் தொடங்கினார். அடக்கம் முடிந்து, உறங்கி விழித்தபின்னரே, தனிமையில், அகுஸ்தினாரின் கண்ணீர் உடைந்து பெருகிற்று. பேரனின் அழுகையே முந்தியது.

அடுத்த சில ஆண்டுகளுக்குள் அதேயோதாத்துஸும் இளமையிலேயே இறந்தான்.

1945ஆம் ஆண்டு, ஓஸ்தியாவிலுள்ள புனித அவுரேயா ஆலயத்தின் அருகே, விளையாட்டுக்குக் கம்பம் நடச் சிறுவர் இருவர் குழி தோண்டினர். மண்ணிலிருந்து எழுத்துப் பொறித்த சலவைக்கல் துண்டொன்று வெளிப்பட்டது. அது மோனிக்காவின் கல்லறைக் கல்வெட்டு.