களம் கண்டவர்கள் – 9: யாரும் பக்கத்தில் உட்காராத ஆட்டக்காரர்

1927-இல் மெல்போர்னின் கார்ல்டன் ஃபுட்பால் அணிக்குப் பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞரின் கால்களைத் தேய்த்துவிட அங்கிருந்த உதவியாளர்கள் மறுத்தார்கள். அவர் கறுப்பர் என்பதுதான் காரணம். அணியிலும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் பெயர் டக் நிக்கல்ஸ்.

போன வாரம் பார்த்த டாம் வில்ஸும் நண்பர்களும் 1859-இல் மெல்போர்னில் விதி எழுதி வைத்த ஆஸ்திரேலிய ஃபுட்பால்தான் அவர் ஆடவந்த ஆட்டம். நீள்வட்ட மைதானம், பக்கத்துக்கு 18 பேர், கையாலும் காலாலும் பந்தை விரட்டும் வேகம். ஆட்டம் வளர்ந்து ஊரையே ஆட்டிவைத்தது. ஆனால் அந்த மண்ணின் பூர்வகுடிகளில் பெரிய அணிக்குள் நுழைந்தவர்கள், 1904-இல் ஃபிட்ஸ்ராய் அணிக்கு ஆடிய ஜோ ஜான்சனைப் போல, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

நிக்கல்ஸ் பிறந்தது 1906-இல், முர்ரே ஆற்றங்கரையில், நியூ சவுத் வேல்ஸ் அரசு பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கியிருந்த கமரகஞ்சா குடியிருப்பில். யோர்ட்டா யோர்ட்டா இனத்தவர். அவருக்கு எட்டு வயதானபோது போலீஸ் வந்து 16 வயது அக்கா ஹில்டாவைப் பிடித்துக்கொண்டு போனது. பூர்வகுடிப் பெண் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, வெள்ளையர் வீடுகளில் வேலைக்காரிகளாக்கப் பழக்கும் விடுதி ஒன்று கூட்டமுந்த்ராவில் இருந்தது. ஹில்டாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அங்கேதான். அரசே சட்டப்படி செய்த காரியம் இது.

அந்தக் குடியிருப்பின் பள்ளியைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். பல ஆண்டுகள் அங்கே பாடம் சொல்லித்தந்த தாமஸ் ஷட்ராக் ஜேம்ஸ் மொரீஷியஸில் பிறந்த இந்திய வம்சாவளியினர். அவருடைய தந்தை மதராஸிலிருந்து போனவர். ஜேம்ஸ் ஒரு பூர்வகுடிப் பெண்ணை மணந்து அந்த மக்களோடே வாழ்ந்தார். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் உரிமைக்காகப் பிற்காலத்தில் எழுந்து நின்ற ஒரு தலைமுறையே அவரிடம் எழுத்துக் கற்றது. அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்தவர்களில் நிக்கல்ஸும் ஒருவர்.

14 வயதில் செம்மறிப் பண்ணைகளில் வேலை. பிறகு மெல்போர்ன். கார்ல்டன் கைவிட்டதும் அவரை எடுத்துக்கொண்டது, ஒரு படி கீழே இருந்த போட்டித்தொடரில் ஆடிய நார்த்கோட் அணி. உயரம் 5 அடி 2 அங்குலம்தான். நெடுநெடுவென்றிருப்பவர்கள் எகிறிப் பந்தைப் பிடிக்கும் ஆட்டத்தில் அவருக்கு வாய்த்தது ஓட்டம். மைதானத்தின் ஓரப்பகுதியான விங்கில் நின்று பந்தை வாங்கினால் பின்தொடர ஆளில்லை. 1929-இல் நார்த்கோட் கோப்பையை வென்றது. அதே ஆண்டு நையா, வாரக்னபீல் ஊர்களின் பரிசு ஓட்டப்பந்தயங்களிலும் அவரே முதலாவதாக வந்தார். கையில் காசில்லாத நாட்களில் ஊர் ஊராகப் போகும் குத்துச்சண்டைக் கூடாரத்திலும் மோதியிருக்கிறார்.

1932-இல் ஃபிட்ஸ்ராய் அணி அவரை மேல்மட்டத் தொடரான விக்டோரிய ஃபுட்பால் லீகுக்குக் கொண்டுவந்தது. உடை மாற்றும் அறையில் அவர் ஒரு மூலையில் ஒதுங்கி உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் யாரும் வருவதில்லை. அப்போது லீகின் மிகப் பெரிய நட்சத்திரம் அதே அணியின் ஹேடன் பண்டன். அவர் எழுந்து வந்து நிக்கல்ஸின் பக்கத்தில் உட்கார்ந்தார், நண்பரானார். நட்சத்திரமே உட்கார்ந்த பிறகு மற்றவர்களும் நெருங்கி வந்தார்கள். பண்டன் வாங்கிய பதக்கங்கள் எல்லாவற்றையும்விட இந்தச் செயலை நான் மேலாக வைக்கிறேன். மூன்றே ஆண்டுகளில், 1935-இல், விக்டோரிய மாநில அணிக்கே நிக்கல்ஸ் தேர்வானார். அதுவரை எந்தப் பூர்வகுடி ஆட்டக்காரருக்கும் கிடைக்காத இடம் அது.

ஃபிட்ஸ்ராய்க்கு அவர் ஆடியது 54 ஆட்டங்கள். முழங்கால் காயம் ஆட்டத்தை முடித்துவைத்தது. ஆனால் அந்த 54 ஆட்டங்களில் சம்பாதித்த பெயரைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கத் தன் மக்களுக்காகச் செலவிட்டார். போர்க்காலத்தில் அவர் ராணுவத்தில் சேர்ந்தபோது, ஃபிட்ஸ்ராய் பகுதிப் போலீஸே அவரைத் திருப்பி அனுப்பும்படி கேட்டது. அந்தப் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு அவரைவிட்டால் ஆளில்லை. அவர் பாதிரியாரானார். வீடு வீடாகப் போனார். நிலத்துக்காகவும் வாக்குரிமைக்காகவும் அரசோடு வாதாடினார்.

1972-இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. பூர்வகுடிகளில் அதைப் பெற்ற முதல் மனிதர். 1976 டிசம்பரில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரானார். உடல்நலம் குன்றியதால் சில மாதங்களிலேயே பதவியை விட்டு விலகவேண்டியதாயிற்று. 1988-இல் மறைந்தவரைக் கமரகஞ்சாவில் அடக்கம் செய்தார்கள். 2016 முதல், பூர்வகுடி ஆட்டக்காரர்களைக் கௌரவிக்க ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக் ஆண்டுதோறும் நடத்தும் சுற்று அவர் பெயரில்தான் நடக்கிறது. கார்ல்டன் அணியும் அதில் ஆடுகிறது.

அடுத்த வாரம், எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்த ஹேடன் பண்டன்.