வரப்பு மூடும் நாள்

கூனிமேட்டிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "புதுசா கல்யாணமான என் மக மரக்காணம் அளத்துக்கு உப்பு வாரப் போறா. அந்த வெயில் வயித்துப் புள்ளைய ஊனமாக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?"

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் என வெக்கையில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரு மடங்கு. அந்த எண்ணை ஊனத்தின் மேல் ஏற்றிப் பரப்புவது தவறு. ஆனாலும் கவலைக்கு இடமுண்டு: தொடக்க வாரங்களில் தாய்க்கு உடல் கொதிக்க வரும் கடும் காய்ச்சலுக்கும் பிள்ளையின் தண்டுவடக் குறைக்கும் தொடர்பு இருப்பதை வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அந்தத் தண்டுவடம் உருவாகும் விதம் அதிசயம். கருத்தரித்த மூன்றாம் வாரத்தில் கருவின் முதுகில் ஒரு தட்டையான திசு. அதன் நடுவில் பள்ளம் விழுகிறது. அளத்தில் வாய்க்கால் வெட்டினால் இருபுறமும் வரப்பு எழுமே, அப்படிக் கரைகள் எழுகின்றன. இந்த வரப்புகள் அதோடு நிற்பதில்லை. ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து, பள்ளத்துக்கு மேலே ஒட்டிக்கொள்கின்றன. வாய்க்கால் குழாயாகிறது, அதுவே மூளையும் தண்டுவடமும். ஒட்டுவது கழுத்துப் பக்கம் தொடங்கி மேலும் கீழுமாக ஓடும். தலைப்பக்க வாய் 25ஆம் நாள் வாக்கில் அடைபடும், கீழ்வாய் 28ஆம் நாள் வாக்கில். மேலே உடைப்பு நின்றால் மூளையும் மண்டையோடும் முழுதாக உருவாகாது. கீழே நின்றால் முதுகுத்தண்டுப் பிளவு.

வரப்புக்கு மண் வேண்டும். இங்கே மண் என்பது புதுச் செல்கள். செல் பிரிய டிஎன்ஏவைப் படியெடுக்க வேண்டும். அதற்கான தைமின் என்னும் பொருளைச் செய்யக் கார்பன் சுமந்து வருவது ஃபோலேட் என்னும் சத்தாகிய கூடை. நடைக்கு ஒரே ஒரு கார்பன்! கூடை குறைந்தால் வேலை தேங்கும்.

மருத்துவர் லூசி வில்ஸ் 1930 வாக்கில் பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களின் ரத்தசோகையில் இந்தச் சத்தின் தடம் கண்டார். 1991இல் ஏழு நாட்டு ஆய்வொன்று முடிந்தது: முன்பு தண்டுவடக் குறையுள்ள பிள்ளை பெற்றவர்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலேட்டின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலம் சாப்பிட்டபோது, குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. எல்லா ஊனத்தையும் தடுக்கும் என்று விற்பவரை நம்ப வேண்டாம்.

நாள் தள்ளிப்போச்சே என்று உங்கள் மகள் விரல்விட்டு எண்ணும்போது வரப்பு எழத் தொடங்கியிருக்கும். நான்காம் மாதம் தரும் இரும்புச்சத்து மாத்திரை ரத்தசோகைக்கு அவசியம்; வரப்பு மூடும் வேலைக்கு அது எட்டாது. ஆகவே அம்மா, பிள்ளைக்கு ஆசைப்பட்டால் இப்போதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஃபோலிக் அமிலம் கேளுங்கள். தினம் 400 மைக்ரோகிராம். உச்சிவெயிலுக்கு முன் கரையேறச் சொல்லுங்கள். ஒதுங்க இடமில்லை என்று அவள் தண்ணீரே குடிக்காமல் நிற்கிறாளா? அளத்தில் நிழலும் கழிப்பறையும் தர வேண்டியது வேலை வாங்குபவரின் கடமை.