துரைமாரின் லாண்ட் ரோவர்

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் துரைமாரின் வண்டியாக அறியப்பட்ட லாண்ட் ரோவர், 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. ரோவர் கம்பனியின் மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸிலிருந்த தமது பண்ணையில் ஓட்டிய அமெரிக்க ஜீப்பைப் பார்த்தே இதற்குத் திட்டமிட்டார். முதல் மாதிரியில் ஸ்டியரிங், உழவு இயந்திரத்தில்போல நடுவில் இருந்தது. யுத்தத்துக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு. ஆகவே உடற்பகுதியை அலுமினியக் கலப்புலோகத் தகட்டால் அடித்தார்கள். ஓயாத மழைக்கும் அது துருப்பிடிக்கவில்லை. துருவேறுவது பெரும்பாலும் அடியிலுள்ள உருக்குச் சட்டகந்தான். ஆரம்ப வண்டிகளின் இளம்பச்சை நிறமோ, விமானங்களுக்குப் பூசி எஞ்சிய பெயின்ற். 1958இல் இரண்டாம் வரிசையும் 1971இல் மூன்றாம் வரிசையும் வந்தன. 1990இல் டிஃபெண்டர் எனப் பெயர்மாறிய வண்டியின் பழைய வடிவத்தின் உற்பத்தி, 2016 ஜனவரி 29ஆம் திகதி சோலிஹல் தொழிற்சாலையில் நிறுத்தப்பட்டது.